டிஐஒய் (நாமே சேர்த்து மாட்டுற) பாஸ் கிட்டார் கிட்டோட பாடியை வெட்டி ஷேப் மாத்தலாமா? எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி இதுதான்: பி-பாஸ் (ஃபெண்டரோட ப்ரெசிஷன் பாஸ்) மாதிரி ஒரு கிட், பெயிண்ட் அடிக்காத பாடி. மேல் கொம்பைக் குட்டையாக்கணும், கீழ் கட்அவேயை (நெக் பக்கத்துல கை போக விட்ட வளைவு) இன்னும் ஆழமா எடுக்கணும், மொத்தத்துல பாடி கொஞ்சம் சின்னதா வேணும், மரவேலை பெருசா பழக்கமில்லை, முடியுமா?

தாராளமா முடியும். ஆனா மேல் கொம்பை மட்டும் இப்போதைக்கு விட்டு வைங்க.

ஏன்னா பாஸ்ல ஷேப்புங்கிறது முதல்ல பேலன்ஸ் விஷயம், அழகெல்லாம் அதுக்கு அப்புறம்தான். 34 இன்ச் ஸ்கேல் (ஸ்ட்ரிங் அதிர்ற நீளம்) உள்ள நெக், அதோட முனையில ஸ்ட்ரிங்கை முறுக்குற நாலு தடி ட்யூனர், இத்தனையும் ஒரு பக்கம் இழுக்குது. அதைத் தாங்குறது இந்தப் பக்கம் இருக்கிற பாடியோட எடையும், மேல் கொம்பு முனையில இருக்கிற, தோள் வாரை மாட்டுற ஸ்ட்ராப் பட்டனும்தான். பி-பாஸ்ல அந்தக் கொம்பு சும்மா ஸ்டைலுக்கு நீளமா இல்ல, அதோட முனை கிட்டத்தட்ட 12-வது ஃப்ரெட்டுக்கு நேரா வர்ற மாதிரி இருக்கும். அதை வெட்டினீங்கன்னா பட்டன் பிரிட்ஜ் பக்கமா நகருது, நீங்க கையை விட்ட உடனே நெக் தரையைப் பார்த்துச் சாயும், இடது கை வாசிக்கிறதை விட்டுட்டு நெக்கைத் தூக்கிப் பிடிக்கிற வேலையைப் பார்க்கும். இதோட பாடியையும் சின்னதாக்கினா ரெட்டை அடி. கிட் பாடிகள்ல நிறைய வர்ற பாஸ்வுட் மரம் கனசென்டிமீட்டருக்கு 0.42 கிராம் பக்கம் வரும், 45 மிமீ கனமுள்ள பாடியில உள்ளங்கை அளவு, அதாவது 10க்கு 10 சென்டிமீட்டர் எடுத்தாலே 190 கிராம் போச்சு.

அதனால ரம்பத்தைத் தொடுறதுக்கு முன்னாடி கிட்டை அப்படியே வெறும் மரத்தோட ஒரு தடவை முழுசா மாட்டுங்க. நெக், ட்யூனர், பிரிட்ஜ், பிக்கப், ஸ்ட்ரிங் எல்லாம். கிட்ல வர்ற துளைகள் சரியா இருக்கா, நெக் நேரா உக்காருதா, ரெண்டு ஓரத்து ஸ்ட்ரிங்கும் ஃப்ரெட்போர்டு விளிம்புல இருந்து ஒரே தூரத்துல ஓடுதான்னு பார்த்துக்கலாம், ஏதாவது தப்பா இருந்தா வெட்டாத பாடியைத் திருப்பி அனுப்பலாம், வெட்டின பாடியை எவனும் வாங்க மாட்டான். அப்புறம் கொம்புக்கு நீங்க நினைச்சிருக்கிற புதுக் கோட்டைப் பென்சில்ல போடுங்க. கோட்டுக்கு வெளியில, எப்படியும் வெட்டி எறியப் போற மரத்துல, பின்பக்கமா ஒரு ஸ்ட்ராப் பட்டனைத் தற்காலிகமா முடுக்கி, ஸ்ட்ராப்பை அதுல மாட்டி நின்னு பாருங்க. ரெண்டு கையையும் எடுங்க. நெக் எங்க போய் நிக்குதோ அதுதான் உங்க புது பாஸ் நிக்கப் போற நிலை, இன்னும் சொல்லப்போனா வெட்டினதுக்கு அப்புறம் இதைவிட மோசமாத்தான் இருக்கும். பிடிச்சிருந்தா வெட்டுங்க.

பிடிக்கலைன்னா கொம்போட நீளத்தை விட்டுட்டு அகலத்தை மட்டும் குறைங்க. மெலிஞ்சு கூர்மையா போற கொம்பு பார்க்கவே வேற கிட்டார் மாதிரி ஆயிடும், பேலன்ஸும் கெடாது. எடை குறைக்கிறதை ஹெட்ஸ்டாக்ல (ட்யூனர் இருக்கிற நெக் தலை) இருந்து ஆரம்பிச்சா இன்னும் நல்லது. நிறைய கிட்ல ஹெட்ஸ்டாக் வெறும் சதுரப் பலகையாத்தான் வரும், ட்யூனர் வாஷரைச் சுத்தி சில மிமீ விட்டுட்டு மீதியை எடுத்துடலாம். லைட்வெயிட் ட்யூனர் போட்டா சாதாரண ட்யூனர்ல கிட்டத்தட்ட பாதி எடைதான் வரும், அது நெக்கோட கடைசி முனைங்கிறதால அங்க குறையுற ஒவ்வொரு கிராமும் நல்லாவே தெரியும்.

இப்போ தொடக்கூடாத இடங்கள். பெரிய பேப்பரைப் பாடி மேல விரிச்சு, பென்சிலைப் படுக்க வெச்சு லேசா தேய்ச்சா பிக்கப் குழி, கண்ட்ரோல் குழி, நெக் பாக்கெட் (நெக் உக்கார்ற குழி) எல்லாத்தோட விளிம்பும் தெளிவா பதியும். அந்தப் பேப்பர்லயே புது ஷேப்பை வரைங்க. எந்தக் குழியோட சுவரும் 10 மிமீக்குக் கீழ போகாம பார்த்துக்கோங்க. பிக்கப்ல இருந்து கண்ட்ரோலுக்குப் போற வயர் துளை, பிரிட்ஜுக்கு அடியில வர்ற எர்த் வயர் துளை, இதெல்லாம் மேல இருந்து தெரியாது, ஒரு மெல்லிசு கம்பியை விட்டுப் பார்த்து எந்தப் பக்கம் போகுதுன்னு அதே பேப்பர்ல குறிச்சுக்கோங்க. பிரிட்ஜ் இருக்கிற இடத்தை நகர்த்தவே நகர்த்தாதீங்க. நட்ல (நெக் முனையில ஸ்ட்ரிங் உக்கார்ற கட்டை) இருந்து 12-வது ஃப்ரெட் 17 இன்ச், அங்கிருந்து சேடில் (பிரிட்ஜ்ல ஸ்ட்ரிங் உக்கார்ற இடம்) இன்னொரு 17 இன்ச்சும் கொஞ்சம் கூடவும், அந்தக் கணக்கு கெட்டா இன்டனேஷன் போயிடும், அதாவது ஃப்ரெட்ல அழுத்துற சுரம் பிசகும்.

கீழ் கட்அவேயை ஆழமாக்குறது நல்ல யோசனை, மேல் ஃப்ரெட்டுக்குக் கை போறது நிஜமாவே சுலபமாகும். ஆனா நெக் பின்னாடி இருக்கிற இரும்புத் தகடு, சுமார் 51க்கு 64 மிமீ, அது உக்கார்ற இடம் முழுசா இருக்கணும். சில பேர் அந்த ஹீல் (பாடியில நெக் சேர்ற இடம்) மூலையையும் பின்பக்கம் சாய்வா இழைச்சு மெல்லிசாக்குவாங்க, அருமையா இருக்கும், ஆனா ஸ்க்ரூ நீளத்தை மறந்துடுவாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க: பாடி 45 மிமீ, பாக்கெட் ஆழம் 16, மிச்சம் 29. ஸ்க்ரூ 45 மிமீன்னா நெக்குக்குள்ள 15, 16 மிமீ போகும். ஹீல்ல 10 மிமீ எடுத்துட்டு அதே ஸ்க்ரூவை முடுக்கினா அது 25 மிமீ உள்ள போகும், நெக்கோட அடிப்பகுதி ஃப்ரெட்போர்டையும் சேர்த்தே மொத்தம் 25 மிமீதான். ஃப்ரெட்போர்டு வழியா ஸ்க்ரூ முனை எட்டிப் பார்க்கும். அந்த மூலைக்கு மட்டும் குட்டை ஸ்க்ரூ வாங்குங்க.

இன்னொண்ணு, உங்க பாடி முழு மரமா, இல்ல மேல அழகான வீனியர் (மெல்லிசு மரத்தகடு) ஒட்டினதான்னு பக்கவாட்டுல நல்ல வெளிச்சத்துல பாருங்க. வீனியர் அரை மிமீ இருந்தாலே அதிகம், வெளிச் சுத்தை வெட்டலாம், ஆனா மேல்பக்கம் செதுக்கினீங்கன்னா கோடு போட்ட மாதிரி அடி மரம் வெளியில வந்துடும்.

வெட்டுறதுக்கு: மரவேலை பழக்கமில்லைன்னு சொல்றீங்க, அப்போ ரவுட்டரை (சுழலும் பிட்டால மரத்தை வெட்டுற மெஷின்) வெளிச் சுத்துக்குப் பயன்படுத்தாதீங்கன்னு சொல்வேன். டெம்ப்ளேட்டும் பேரிங் பிட்டும் வெச்சு பண்றது வேகமான வழிதான், ஆனா கொம்பு முனை திரும்புற இடத்துல மர ரேகை குறுக்கே வரும், பிட் ஒரு துண்டைக் கவ்விப் பிய்ச்சு எறிஞ்சிடும், அது ஒரு நொடி வேலை. பாஸ்வுட், பௌலோனியா மாதிரி மெத்து மரத்துக்கு ஜிக்சாவும் (கையில பிடிக்கிற மின் ரம்பம்) முரட்டு அரமும் போதும். ஜிக்சா பிளேடு 45 மிமீ கனத்துல அடியில வளையும், மேல கோட்டு மேலயே போற மாதிரி தெரியும், திருப்பிப் பார்த்தா கீழ கோட்டைத் தாண்டி உள்ள போயிருக்கும், அதனால 3 மிமீ வெளியில விட்டு வெட்டி மீதியை அரத்தால ராவுங்க. அப்பப்போ மூலமட்டத்தை வெச்சு பக்கம் செங்குத்தா இருக்கான்னு பாருங்க. மாஸ்க் கண்டிப்பா போடுங்க, மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதுன்னு உறுதியா வகைப்படுத்தப்பட்ட பொருள், கைக்குட்டையைக் கட்டிக்கிறதெல்லாம் கணக்குல வராது.

என்னைக் கேட்டா வெளிச் சுத்தை விட பெரிய மாற்றம் தர்றது கை படுற இடமும் வயிறு படுற இடமும்தான். 1951-ல வந்த முதல் ப்ரெசிஷன் பாஸ் வெறும் தட்டைப் பலகை, விளிம்பு முழங்கையில குத்தும், 1954-லதான் அந்த ரெண்டு இடத்தையும் செதுக்கிக் கொடுத்தாங்க. மலிவு கிட்ல இந்தச் செதுக்கல் பேருக்குத்தான் இருக்கும். மாட்டின பாஸை நிஜமா வாசிக்கிற மாதிரி பிடிச்சுக்கிட்டு முழங்கை எங்க படுதுன்னு பென்சில்ல குறிங்க. மேல்பக்கம் 60, 70 மிமீ உள்ள ஒரு கோடு, பக்கவாட்டுல மேல இருந்து 12, 15 மிமீ கீழ ஒரு கோடு, நடுவுல இருக்கிறதை எல்லாம் பென்சில்ல கிறுக்கி நிரப்புங்க. அரத்தால ராவ ராவ கிறுக்கல் போகும், எந்த இடம் இன்னும் மேடுன்னு அதுவே காட்டும், போனதும் திரும்பக் கிறுக்குங்க. கடைசியில ரூம் லைட்டை அணைச்சுட்டு டார்ச்சைப் பக்கவாட்டுல படுக்க வெச்சுப் பாருங்க, பகல்ல வழுவழுன்னு தெரிஞ்ச இடத்துல அலை அலையா நிழல் விழும். கண்ணை மூடிக்கிட்டு உள்ளங்கையால தடவினாலும் தெரியும், விரல் நுனியை விட உள்ளங்கை நல்லாக் கண்டுபிடிக்கும். கண்ட்ரோல் குழி பின்பக்கமா திறக்கிற கிட்டுன்னா அந்தப் பக்கம் செதுக்கும்போது எவ்வளவு மரம் மிச்சம் இருக்குன்னு அளந்துட்டே போங்க.

உப்புத்தாள் 80, 120, 180, 220 அப்படிப் போனா போதும். நிறைய கிட் பாடி மெல்லிசா சீலர் (மரத் துளைகளை அடைக்கிற பூச்சு) அடிச்சு வருது, கண்ணுக்குத் தெரியாது. ஒரு சொட்டுத் தண்ணி வைங்க, முத்து மாதிரி நின்னா சீலர் இருக்கு, ஊறினா இல்ல. நீங்க வெட்டின இடம் வெறும் மரம், வெட்டாத இடம் சீலர், இப்படி இருக்கும்போது ஸ்டெயின் (மரத்துல ஊறுற சாயம்) அடிச்சா திட்டுத் திட்டாத்தான் பிடிக்கும், அதனால ஸ்டெயின்னா மொத்தத்தையும் தேய்ச்சு எடுத்துடுங்க. பாஸ்வுட்ல ரேகை ஒண்ணும் பெருசா இல்ல, அதுக்கு கெட்டிக் கலர் பெயிண்ட்தான் சரின்னு எனக்குத் தோணும். கொம்பு முனையிலயும் அடி முனையிலயும் மரம் பெயிண்ட்டைக் குடிச்சுக்கிட்டே இருக்கும், அங்க மட்டும் சீலரை ரெண்டு மூணு கை கூட அடிங்க. நெக் பாக்கெட் உள்ள டேப் ஒட்டி மூடிடுங்க, அங்க பெயிண்ட் ஏறினா நெக் இறங்காது, அடிச்சு இறக்கினா ஓரத்துல பெயிண்ட் விரியும். திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூவுல கொஞ்சம் மெழுகோ சோப்போ தடவிக்கோங்க, மெத்து மரத்துல அளவுக்கு மேல முடுக்கினா மரை தேஞ்சு ஸ்க்ரூ சும்மா சுத்தும்.