முகத்தில் நாலைந்து கிரீம்களைச் சேர்த்துப் பூசலாமா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: சாலிசிலிக் ஆசிட் ஃபேஸ் வாஷ், காலையில் விட்டமின் சி சீரம், அதன்மேல் நியாசினமைடு, இரவில் தோழி வாங்கித் தந்த ஒரு "நைட் கிரீம்". இரண்டு மாதமாக முகம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் நைட் கிரீமை ஒரு நாள் விட்டாலும் முகம் சிவந்து எரிகிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பூசுவதுதான் காரணமா?

முதல் மூன்றைப் பற்றி எனக்குப் பெரிய பயமில்லை. விட்டமின் சி-யும் நியாசினமைடும் ஒன்றாகச் சேரக் கூடாது என்று பலர் சொல்வார்கள். இன்றைய தயாரிப்புகளில் அது தேவையில்லாத அச்சம். என்னைப் பதற வைத்தது அந்த நான்காவது டியூப்தான். "விட்டால் எரிகிறது" என்ற வரியைப் படித்ததும் 2019-இல் என் முகம் இருந்த நிலைமை ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது கோவையில் வேலை. பருக்களுக்காக முந்தின வருஷம் டாக்டர் எழுதித் தந்த இரண்டு மருந்துகள் கையில் இருந்தன: காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5% ஜெல், இரவில் ட்ரெட்டினாயின் 0.025%. கூடவே நானாக வாங்கிய சாலிசிலிக் ஃபேஸ் வாஷ். அத்தை மகள் கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருந்தபோது, "இதையும் போடு, ஒரே வாரத்துல நிறம் வந்துடும்" என்று அவளே ஒரு கிரீமின் பெயரைச் சொன்னாள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டேன். சீட்டு எதுவும் கேட்காமல் கொடுத்துவிட்டார்கள்.

நிஜமாகவே வேலை செய்தது. அதற்கு முன் ட்ரெட்டினாயினால் மூக்கோரம் தோல் உரிந்துகொண்டே இருக்கும், அதுவும் நின்றுவிட்டது. எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறது என்று நம்பினேன். கல்யாணம் முடிந்த பிறகும் நிறுத்தவில்லை.

நான்காவது மாதம் டியூப் தீர்ந்து, வாங்க மறந்துபோனேன். மூன்றாம் நாள் காலை இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறந்தபோது ஆவி முகத்தில் பட்டது. மிளகாய்ப்பொடியைத் தேய்த்த மாதிரி எரிச்சல். ஓடிப்போய்த் தண்ணீர் அடித்தேன். அந்தத் தண்ணீரும் எரிந்தது. மத்தியானத்துக்குள் இரண்டு கன்னமும் வீங்கிச் சிவந்துவிட்டன.

தோல் டாக்டரம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொன்னார். காலி டியூபையும் சேர்த்து. மேஜையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் முதுகையும் திருப்பி, பொடி எழுத்தில் பேனாவால் வட்டம் போட்டார். கல்யாணக் கிரீமில் மூன்று வட்டங்கள்: நிறத்தை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுயினோன் 2%, ட்ரெட்டினாயின் 0.025%, மொமெட்டசோன் 0.1%. "ரெண்டு டியூப்லயும் ட்ரெட்டினாயின் இருக்கும்மா, பாத்தியா? டபுள் டோஸ் போட்டிருக்க. மூணாவதா இருக்கே, அது ஸ்டீராய்டு. இது நிறத்துக்கான கிரீம் இல்ல, மங்குக்கு நாங்க சில வாரத்துக்கு மட்டும் எழுதுற மருந்து."

அன்று அவர் விளக்கியதையும், பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். தோலின் மேல்படலம் 10 முதல் 20 மைக்ரான் தடிமன்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. சாலிசிலிக், பென்சாயில் பெராக்சைடு, ட்ரெட்டினாயின் மூன்றுமே அந்தப் படலத்தை உலர்த்தும், உரிக்கும். அளவு மீறினால் எரிச்சல், சிவப்பு, உரிதல் என்று தோல் நமக்குச் சொல்லிவிடும். ஸ்டீராய்டு அந்தக் குரலை அடக்கிவிடுகிறது. 1975-இல் கிளிக்மன், வில்லிஸ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இந்த வகைக் கலவையை முதலில் வெளியிட்டபோதே, மற்ற இரண்டின் எரிச்சலைத் தணிக்கத்தான் அதில் ஸ்டீராய்டைச் சேர்த்தார்கள். சுளுக்கிய காலுக்கு வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடியதைப் போல நான் நாலு மாதம் ஓடியிருக்கிறேன். உள்ளே தோல் மெலிந்துகொண்டே இருந்தது.

முகத்தோல் மருந்தை மிக வேகமாக உறிஞ்சும் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை வைத்து அளந்ததில், முன்கையைவிட நெற்றியில் சுமார் 6 மடங்கும், தாடை ஓரத்தில் 13 மடங்கும் உள்ளே போனது. கைக்குப் பூசுவதையே முகத்துக்கும் பூசினால் என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள்.

இன்னொன்று. தாடையில் இளம் பழுப்பு நிறத்தில் திட்டுத்திட்டாகக் கறை வந்திருந்தது. கறுத்துப்போகிறேன் என்று பயந்து அந்த இடத்தில் கிரீமை இன்னும் அதிகமாகப் பூசினேன். ஹைட்ரோகுயினோனும் பென்சாயில் பெராக்சைடும் சேர்ந்தால் தற்காலிகமாக அப்படிக் கறை படியும். ஒன்றை நிறுத்திவிட்டு சோப்பு போட்டுக் கழுவினால் போய்விடும். இது தெரியாமல் நோயையே மருந்தாகப் பூசிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஏதோ அபூர்வமாக நடந்தது என்று நினைக்காதீர்கள். 2011-இல் வெளியான ஆய்வில், இந்தியாவின் 12 மையங்களில் முகத்தோல் பிரச்சினையுடன் வந்த 2926 பேரைப் பார்த்தார்கள். அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தவர்கள். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை, சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்கிற ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது. எனக்கு அடுத்த வருஷமும் சீட்டில்லாமல் கிடைத்தது என்பதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

முகம் குணமாக ஐந்து மாதம் ஆயிற்று. டாக்டர் ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். மற்றபடி மிதமான கிளென்சர், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் மட்டும். சிவப்பு போன பிறகும் கன்னத்தில் கருமை பல மாதம் நின்றது. நம் மாநிறத் தோலில் எரிச்சல் பெரும்பாலும் கறுப்பாகத் தங்கிவிட்டுத்தான் போகும்.

இப்போது நானும் இரண்டு மருந்துகள் சேர்த்துத்தான் பூசுகிறேன், சேர்ப்பதே தப்பு என்று சொல்லவில்லை. ட்ரெட்டினாயின் வகைப் பரு மருந்தான அடாபலீனும் பென்சாயில் பெராக்சைடும் ஒரே டியூபிலேயே வருகின்றன. ஆனால் புதிதாக ஒன்றைத் தொடங்கினால் மூன்று வாரம் வேறு எதையும் புதிதாகத் தொடுவதில்லை. முதலில் ஒரு வாரம் முழங்கை மடிப்பில் பூசிப் பார்க்கிறேன். இரவு மருந்து முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவுதான். கர்ப்பமாக இருந்தாலோ அதற்குத் திட்டமிட்டாலோ ட்ரெட்டினாயின், அடாபலீன், ஹைட்ரோகுயினோன் எதையும் தொடாதீர்கள்.

இன்றிரவே அந்த நைட் கிரீமைத் திருப்பிப் பாருங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், ஃப்ளூட்டிகசோன் என்று "சோன்" என முடிகிற பெயரோ, குளோபெட்டசால் என்றோ இருந்தால் அது ஸ்டீராய்டு. உள்ளடக்கமே அச்சிடாத டப்பா என்றால் அதை இன்னும் மோசமாக எடுத்துக்கொள்ளுங்கள், பாதரசம்கூட இருக்கலாம். எதுவானாலும் இந்த வாரமே எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். எத்தனை நாள், எவ்வளவு பூசினீர்கள் என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள்; எப்படி நிறுத்துவது என்பதை அதை வைத்துத்தான் அவர் முடிவு செய்வார்.