வடிகட்டிய தேடலுக்கு யூஆர்எல் (இணைய முகவரி) அமைப்பது எப்படி?

கேள்வி: எங்கள் இணையச் செயலியில் புத்தகங்களைப் பொருள், மொழி, ஆண்டு, ஆசிரியர் எனப் பலவாறு வடிகட்டித் தேடலாம். ஒவ்வொரு வடிகட்டியையும் சாய்கோடிட்டு முகவரியின் பாதையிலேயே சேர்த்துவந்ததில், எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று சொல்லும் ரூட் விதிகள் பெருகி, ஒன்றோடொன்று மோதுகின்றன. எல்லாவற்றையும் கேள்விக்குறிக்குப் பின்னே கொண்டுபோய்விடலாமா?

பதில்: எல்லாவற்றையும் வேண்டாம், பெரும்பாலானவற்றைக் கொண்டுபோகலாம். 2005இல் வெளியான ஆர்எஃப்சி 3986 என்னும் தர ஆவணம், பாதைப் பகுதியைப் பொதுவாகப் படிநிலையில் அடுக்கிய தரவுக்கும், கேள்விக்குறிக்குப் பின்வரும் வினவல் பகுதியைப் படிநிலையற்ற தரவுக்கும் உரியதாகச் சொல்கிறது. வரலாறு என்பது புத்தகங்களுக்குள் அடங்கும் பிரிவு. ஆகவே ‘/புத்தகங்கள்/வரலாறு’ பொருந்தும். ஆனால் மொழிக்குள் ஆண்டு அடங்குமா, ஆண்டுக்குள் மொழி அடங்குமா என்று கேட்டால் இரண்டும் இல்லை. அங்கே சாய்கோடிட்டால், ‘/தமிழ்/2020’, ‘/2020/தமிழ்’ என்ற இரண்டுக்கும் தனித்தனியே விதி எழுத நேர்கிறது. மொழியைக் குறிப்பிடாமல் ஆண்டை மட்டும் தேர்ந்தெடுப்பவருக்காக இன்னொரு விதியும் தேவைப்படுகிறது. உங்கள் மோதல்கள் இங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். ‘/புத்தகங்கள்/வரலாறு?ஆண்டு=2020&மொழி=தமிழ்’ என்று எழுதினால் ஒரே ரூட் போதும்.

இதோடு வேலை முடிந்துவிடாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஐந்து வடிகட்டிகளை 120 விதமாக வரிசைப்படுத்தலாம். பக்கம் ஒன்றே ஆனாலும், பக்க நகல்களைச் சேமித்து வைக்கும் கேச்சும் தேடுபொறியும் அவற்றை 120 முகவரிகளாகப் பார்க்கக்கூடும். எனவே வடிகட்டிப் பெயர்களை அகர வரிசையில் அடுக்கி, வெற்று மதிப்புகளையும் ‘பக்கம்=1’ போன்ற இயல்பு மதிப்புகளையும் நீக்கிய ஒரே வடிவத்தை முடிவுசெய்யுங்கள். இணைப்புகளை உருவாக்கும் நிரல்கூறு அந்த வடிவத்தை மட்டுமே தரவேண்டும். வேறு வடிவில் வரும் கோரிக்கையை சர்வர் 301 என்னும் நிரந்தரத் திருப்பல் குறியீட்டின் மூலம் அதற்குத் திருப்பிவிடலாம். முதன்மை முகவரி எது என்று தேடுபொறிக்குச் சொல்லும், 2009இல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் ஏற்றுக்கொண்ட கெனானிக்கல் குறிப்பையும் பக்கத்தில் சேர்க்கலாம். ஆனால் கூகுள் அதைக் கட்டளையாக அல்லாமல் பரிந்துரையாகவே எடுத்துக்கொள்கிறது என்பதால், அதை மட்டும் நம்பி வரிசையைக் கவனிக்காமல் விடுவது எனக்கு உடன்பாடில்லை.

ஒரே வடிகட்டிக்குப் பல மதிப்புகள் வரும்போதும் கவனம் தேவை. ‘மொழி=தமிழ்&மொழி=தெலுங்கு’ என்று அனுப்பினால் பிஎச்பி நிரல்மொழி கடைசி மதிப்பை மட்டுமே வைத்துக்கொள்ளும்; பெயரின் இறுதியில் சதுர அடைப்புக்குறி இட்டால்தான் இரண்டையும் தரும். காற்புள்ளியால் பிரிப்பதும் நல்ல வழியே, மதிப்புக்குள்ளேயே காற்புள்ளி வராத வரையில்.

ஒரு விதிவிலக்கு உண்டு. குறிப்பிட்ட ஒரு சேர்க்கையை வாசகர்கள் மிகுதியாகத் தேடுகிறார்கள், அதற்கென முன்னுரையும் தலைப்பும் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்றால், அது தனிப் பக்கமாகிவிடுகிறது. அதற்குப் பாதையில் இடம் கொடுப்பதே முறை.

கேள்வி: பக்கத்தை மறுபடி ஏற்றாமல் ஜாவாஸ்கிரிப்ட் மூலம் வடிகட்டினால் முகவரியை மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: கட்டாயம் மாற்றுங்கள். மாற்றாவிட்டால், ஒருவர் அனுப்பும் இணைப்பைத் திறப்பவருக்கு வடிகட்டாத பட்டியலே தெரியும். தேர்வுப் பெட்டியைச் சொடுக்குவது போன்ற முழுமையான செயலுக்கு, உலாவி வரலாற்றில் புதிய பதிவைச் சேர்க்கும் ‘புஷ்ஸ்டேட்’ பயன்படுத்தினால், பின்செல்லும் பொத்தான் முந்தைய தேர்வுக்கு அழைத்துச் செல்லும். தேடல் பெட்டியில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டும்போது, இருக்கும் பதிவையே மாற்றும் ‘ரீப்ளேஸ்ஸ்டேட்’ போதும். இல்லையெனில் முந்தைய பக்கத்துக்குத் திரும்ப, தட்டிய எழுத்துகள் அத்தனை முறை பொத்தானை அழுத்த வேண்டியிருக்கும்.