நான்கு செல் பேட்டரி போட்டதும் புகைந்த படகு: எதை முதலில் மாற்றுவது?

கேள்வி: என்னிடம் 65 செ.மீ. நீளமுள்ள, வி வடிவ அடிப்பாகம் கொண்ட ரிமோட் மின்படகு இருக்கிறது. 2,000 கே.வி. பிரஷ்லெஸ் மோட்டார், 60 ஆம்பியர் இ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி), 42 மி.மீ. பிளாஸ்டிக் புரொப்பெல்லர். மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரியில் ஜி.பி.எஸ். கருவி மணிக்கு 45 கி.மீ. காட்டும். நான்கு நிமிடம் ஓட்டிவிட்டுச் சார்ஜ் செய்தால் 3,000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் மணி) ஏறும். போன வாரம் நண்பரின் நான்கு செல் பேட்டரியைப் பொருத்தினேன். அரை நிமிடம் பறந்தது, பிறகு புகை. இ.எஸ்.சி. கருகிவிட்டது. இத்தனைக்கும் அதன் மேல் 'நான்கு செல் வரை' என்றுதான் அச்சிட்டிருந்தது. 120 ஆம்பியர் இ.எஸ்.சி.யும் 2,600 கே.வி. மோட்டாரும் வாங்கலாம் என்று இருக்கிறேன். சரிதானா?

பதில்: இ.எஸ்.சி.யை வாங்குங்கள். மோட்டாருக்கு எடுத்துவைத்த பணத்தில் நல்ல உலோகப் புரொப்பெல்லர் இரண்டு வாங்குங்கள், மிச்சம் இருக்கும்.

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. நான்கு நிமிடத்தில் 3,000 எம்.ஏ.எச். என்றால், ஒரு மணி நேரத்துக்கு 45,000 எம்.ஏ.எச்., அதாவது 45 ஆம்பியர் கணக்கு. மூன்று செல்லில் உங்கள் படகு சராசரியாக இழுக்கும் மின்னோட்டம் அதுதான். திருப்பத்தில் விசையைக் குறைப்பதும் அந்தச் சராசரியில் அடக்கம், ஆகவே நேர்ப்பாதையில் முழு விசையில் அதைவிடக் கூடுதலாகவே இழுத்திருக்கும். 60 ஆம்பியர் இ.எஸ்.சி. அப்போதே தன் எல்லைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

இப்போது நான்காவது செல்லைச் சேருங்கள். 11.1 வோல்ட் 14.8 ஆகிறது. கே.வி. என்பது ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் நிமிடத்தில் சுற்றும் சுற்றுகள். சுமையில்லாமல் நிமிடத்துக்கு 22,200 சுற்றிய மோட்டார் 29,600 சுற்றப் பார்க்கும், அதாவது மூன்றில் ஒரு பங்கு அதிகம். இங்கேதான் தண்ணீர் தன் குணத்தைக் காட்டுகிறது. புரொப்பெல்லரைச் சுற்றத் தேவைப்படும் திறன், சுற்றின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 1.33ஐ மூன்று முறை பெருக்கினால் கிட்டத்தட்ட 2.4. வோல்ட் உயர்ந்த 1.33 மடங்கால் அதை வகுத்துப் பார்த்தாலும் மின்னோட்டம் 1.8 மடங்கு. 45 ஆம்பியர் 80 ஆகிவிட்டது. 'நான்கு செல் வரை' என்ற அச்சு பொய் சொல்லவில்லை. குழாய் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்பது வேறு, எவ்வளவு தண்ணீரைக் கடத்தும் என்பது வேறு. அச்சு முதலாவதைத்தான் சொன்னது.

இதே கணக்கை 2,600 கே.வி. மோட்டாருக்கும் போட்டுப் பாருங்கள். அதே 42 மி.மீ. புரொப்பெல்லரோடு அந்த 80 ஆம்பியர் 175ஐத் தொடும். புது 120 ஆம்பியர் இ.எஸ்.சி.யும் பழையது போன வழியிலேயே போகும். கே.வி. கூடினால் மோட்டார் வலுவாகிவிட்டது என்று நினைப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் பணத்தைத் தண்ணீரில் கரைக்கும் முதல் தவறு. உண்மையில் நான்கு செல்லுக்குப் போகிறவர்கள் கே.வி.யைக் குறைப்பதுதான் வழக்கம். 1,500 கே.வி. மோட்டார் 14.8 வோல்ட்டில் அதே 22,200 சுற்றுத்தான் சுற்றும். வேகம் பழையபடியே இருக்கும், மின்னோட்டம் கால் பங்கு குறையும், எல்லாம் குளிர்ச்சியாக ஓடும். உங்களுக்கு வேகம் வேண்டும் என்பதால், இருக்கிற மோட்டாரை வைத்துக்கொண்டு புரொப்பெல்லரைச் சிறிதாக்குவோம்.

விட்டத்தில் ஓரிரு மில்லிமீட்டர் என்ன செய்யும் என்று தோன்றும். திறன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறி இறங்கும். 42க்குப் பதில் 36 மி.மீ. போட்டால் சுமை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். நான்கு செல்லின் வேகத்தோடு சேர்த்துப் பார்த்தால் மின்னோட்டம் 37 ஆம்பியர் அளவில் நிற்கும். பழைய மூன்று செல்லில் இருந்ததைவிடக் குறைவு! ஆனால் சுற்று கூடியதால், ஏட்டுக் கணக்கில் வேகம் சுமார் 15 சதவீதம் அதிகம். 38 மி.மீ. போட்டால் 48 ஆம்பியர், வேகம் 20 சதவீதம் அதிகம். இவை பாதி மூழ்கிச் சுற்றும் புரொப்பெல்லர்கள் என்பதால் தண்ணீர் ஏட்டுக்கு அப்படியே கீழ்ப்படியாது. ஆகவே 36இல் தொடங்குங்கள். சூடு குறைவாக இருந்தால் 38க்குப் போங்கள்.

வாங்கும்போது விட்டம் மட்டும் பார்த்தால் போதாது, பிட்ச்சும் பார்க்க வேண்டும். ஆக்டூரா நிறுவனத்தின் எக்ஸ்442 புரொப்பெல்லர் என்றால் விட்டம் 42 மி.மீ., பிட்ச் அதில் 1.4 மடங்கு. ஒரு சுற்றுக்கு ஏட்டளவில் 58.8 மி.மீ. முன்னேறும் என்று பொருள். மேலே நான் போட்ட கணக்கு எல்லாமே 1.4 பிட்ச்சுக்கு. சுழலும் திசையும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். திசை மாறினால், மோட்டாரையும் புரொப்பெல்லரையும் இணைக்கும் வளையும் கம்பித் தண்டான ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட்டின் முறுக்குப் பிரிந்துகொள்ளும். இன்னொன்று, இவ்வகை உலோகப் புரொப்பெல்லர் அச்சிலிருந்து வந்தபடியே மழுங்கலாக உங்கள் கைக்கு வரும். முன்விளிம்பைத் தீட்டிக் கூராக்கி, இரண்டு இதழும் ஒரே எடையாகும்வரை கனமான இதழை உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். ஒரு மாலை வேலை. தீட்டி முடித்த புரொப்பெல்லர் சவரக் கத்திக்குச் சமம், வெறுங்கையால் திருகாதீர்கள்.

செலவில்லாத வேகம் ஒன்றும் உங்களிடம் கிடக்கிறது. உங்களுடைய பழைய புரொப்பெல்லரும் 1.4 பிட்ச் என்று வைத்துக்கொண்டால், மூன்று செல்லில் ஏட்டுக் கணக்கு மணிக்கு 78 கி.மீ. சுமையிலும் வழுக்கலிலும் ஒரு பகுதி போகத்தான் செய்யும். ஆனாலும் ஒழுங்காக அமைத்த படகு 50ஐத் தாண்ட வேண்டும். நீங்கள் 45இல் நிற்கிறீர்கள். பிளாஸ்டிக் இதழ் வேகத்தில் வளைந்துகொடுப்பது ஒரு காரணம். எடை உட்கார்ந்திருக்கும் இடம் இன்னொன்று. பேட்டரியையும் உள்ளே வைத்து, படகை இரண்டு விரல்களில் தூக்கிச் சமநிலைப் புள்ளியைப் பாருங்கள். பின்பலகையிலிருந்து நீளத்தில் 30 சதவீதம், உங்கள் படகுக்கு 19 அல்லது 20 செ.மீ., நல்ல தொடக்கம். சுக்கானின் நீட்டலைச் சேர்க்காமல் அளக்க வேண்டும். கடலோரத்தில் படகின் முன்புறத்தை அணியம் என்றும் பின்புறத்தை அமரம் என்றும் சொல்வார்கள். அணியம் கனத்தால் படகு தண்ணீரை உழும், அமரம் கனத்தால் தவளைபோல் துள்ளும். நான்கு செல் பேட்டரி கனமானது என்பதால் இந்த அளவை மறுபடி எடுக்கத்தான் வேண்டும். ஷாஃப்ட்டைத் தாங்கும் ஸ்ட்ரட் அடிப்பாகத்துக்கு இணையாக இருக்கட்டும். துள்ளல் நிற்கவில்லை என்றால் அதை ஒரு மி.மீ. அளவில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஒரு முறைக்கு ஒரு மாற்றம்தான். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது.

என் முதல் படகில் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். புரொப்பெல்லரைப் பிடிக்கும் டிரைவ் டாக்கை ஸ்ட்ரட்டோடு ஒட்டி முடுக்கிவிட்டேன், பார்க்க அழகாக இருந்தது. ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் சுமையில் முறுகும்போது நீளம் குறையும் என்பது எனக்கு அப்போது தெரியாது. டாக் ஸ்ட்ரட்டில் உரசி, பித்தளை புஷ்ஷைத் தூளாக்கி, மோட்டாரையும் சுட வைத்தது. இரண்டு மூன்று மி.மீ. இடைவெளி விடுங்கள். ஷாஃப்ட்டை அடிக்கடி வெளியே இழுத்துத் துடைத்து, படகு கிரீஸ் தடவுங்கள். நம் குளங்களில் ஆகாயத்தாமரை வேரும் அறுந்த தூண்டில் நரம்பும் அந்த இடைவெளியில்தான் சுற்றிக்கொள்ளும். ஒவ்வொரு முறை கரையேறும்போதும் அங்கே பாருங்கள்.

புது இ.எஸ்.சி.யைப் பொருத்தும்போது பேட்டரி பக்கத்து ஒயரை நீட்டாதீர்கள். நீளம் போதாவிட்டால் மோட்டார் பக்கத்து மூன்று ஒயர்களை நீட்டுங்கள். பேட்டரி ஒயர் நீண்டால் மின்னழுத்தம் அலையடித்து, இ.எஸ்.சி.யின் கெப்பாசிட்டர்களைத் தின்றுவிடும். பேட்டரியை இணைக்க எக்ஸ்டி60 கனெக்டர் இருந்தால், அதைவிடக் கூடுதல் மின்னோட்டம் தாங்கும் எக்ஸ்டி90க்கு மாறுங்கள். குளிரூட்டும் தண்ணீர் முதலில் இ.எஸ்.சி.க்கும் பிறகு மோட்டாருக்கும் போகட்டும். சுக்கானில் உள்ள துளையில் சிரிஞ்சால் தண்ணீர் செலுத்தி, மறுபுறம் தடையின்றி வருகிறதா என்று பாருங்கள். பாசி அடைத்த குழாயும் ஒருவேளை அந்தப் புகைக்குக் கூட்டாளியாக இருந்திருக்கலாம். உள்ளே முன்பகுதியில் தெர்மோகோல் துண்டுகளைத் திணித்து, மூடியை டேப் ஒட்டி அடையுங்கள். கவிழ்ந்த படகு மூழ்கினால் பேட்டரியும் போய்விடும்.

முதல் ஓட்டத்துக்கு ரிமோட்டை முதலில் போட்டு, பேட்டரியைக் கடைசியாக இணையுங்கள். கரையில் வைத்து ரிமோட்டை அணைத்துப் பாருங்கள், மோட்டார் நிற்க வேண்டும். பிறகு ஒரு நிமிடம் மட்டும் ஓட்டிக் கரைக்குக் கொண்டுவந்து மோட்டார், இ.எஸ்.சி., பேட்டரி, கனெக்டர் நான்கையும் தொடுங்கள். ஐந்து விநாடி கையை வைக்க முடியாத சூடு எதில் இருந்தாலும் அன்று அத்தோடு நிறுத்திவிட்டு, புரொப்பெல்லரை ஓர் அளவு குறையுங்கள். நான்கும் வெதுவெதுப்பாக இருந்தால் இரண்டு நிமிடம், அடுத்து மூன்று. வீட்டுக்கு வந்து சார்ஜ் செய்யும்போது எத்தனை எம்.ஏ.எச். ஏறியது என்று குறித்து வையுங்கள். பேட்டரி கொள்ளளவில் 80 சதவீதத்தைத் தாண்டினால் ஓட்டத்தை அரை நிமிடம் சுருக்குங்கள்.