வீட்டில் முதல் விசுவாசி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அடுத்த மாதம் ஞானஸ்நானம் எடுக்கப்போகிறேன். அன்று சபையில் மூன்று நிமிடம் சாட்சி, அதாவது நான் விசுவாசத்துக்கு வந்த கதையைச் சொல்லும்படி பாஸ்டர் கேட்டிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் ஆள். அப்பாவின் குடியால் வீட்டில் பட்ட பாடுதான் என்னை ஆண்டவரிடம் கொண்டுவந்தது. அதைச் சொல்லாமல் என் சாட்சி எப்படி முழுமையாகும்?

ஞானஸ்நானம் எடுக்கப்போவது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியுமா? தெரியாது என்றால் முதல் வேலை அதுதான். சபையார் இருநூறு பேருக்குத் தெரிந்த பிறகு, கடைசியாகப் பெற்றவர்கள் கேள்விப்படுவது அவர்களுக்குப் பெரிய அவமானம். மதம் மாறியதைவிட "எங்களிடம் மறைத்துவிட்டான்" என்பதுதான் பல வீடுகளில் ஆறாத காயமாக நிற்கிறது. ஞானஸ்நானத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பாவது நேரில் சொல்லுங்கள். பண்டிகை நாளிலோ, வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கும்போதோ வேண்டாம். உறவினர் கூடியிருக்கும்போது சொல்லவே கூடாது. நாலு பேர் முன்னால் அப்பாவால் கோபத்தை மட்டும்தான் காட்ட முடியும்.

அவர்கள் கேட்கப்போவது பெரும்பாலும் வேதாந்தக் கேள்விகள் அல்ல. யார் உன்னை மாற்றினார்கள்? பணம் ஏதாவது கொடுத்தார்களா? தங்கச்சி கல்யாணத்துக்கு என்ன பதில் சொல்வது? நாளைக்கு எங்களுக்குக் கொள்ளி யார் வைப்பது? இவற்றுக்கு முன்கூட்டியே யோசித்து வையுங்கள். பதில் தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லுங்கள். வசனத்தால் அடிக்காதீர்கள்.

இனி சாட்சி. நிதானமாகப் பேசினால் மூன்று நிமிடத்துக்கு 300 சொல்கூடத் தேவைப்படாது. எழுதி, சத்தமாக வாசித்து, நேரம் பாருங்கள். மாதிரி வேண்டுமென்றால் வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 22, 26 ஆகிய இரண்டு அதிகாரங்களையும் அடுத்தடுத்துப் படியுங்கள். பவுல் ஒரே அனுபவத்தை இரண்டு கூட்டத்துக்குச் சொல்கிறார். முன்பு எப்படி இருந்தேன், வழியில் என்ன நடந்தது, அதன்பின் என்ன ஆனது என்ற வரிசை இரண்டிலும் மாறவில்லை. எருசலேமில் யூதர்களிடம் அவர்கள் மதித்த வேத ஆசிரியர் கமாலியேலின் பாதத்தருகே படித்ததைச் சொல்கிறவர், அகிரிப்பா ராஜாவின் முன் அந்தப் பெயரையே எடுப்பதில்லை. கேட்பவர் யார் என்று பார்த்துச் சொல்கிறார். இரண்டு இடத்திலும் குற்றவாளியாக நிறுத்துவது தன்னையே. தன் வீட்டாரைப் பற்றி ஒரு குறைகூடக் கிடையாது.

பழைய வாழ்க்கைக்கு முக்கால் நிமிடம் போதும். நம் சபைகளில் அடிக்கடி நடக்கும் தவறு, பழைய கதை இரண்டரை நிமிடத்தைத் தின்றுவிட்டு, இயேசுவைப் பற்றி அவசரமாக ஒரு வரியில் முடிவது. கண்ணீர்க் கதைக்குக் கூட்டம் "ஸ்தோத்திரம்" சொல்லச் சொல்ல, பேசுகிறவரும் கூட்டிக்கொண்டே போவார். அப்பாவைப் பற்றி, "வீட்டில் சமாதானம் இல்லாத காலம் அது" என்று ஒரே வாக்கியம் போதும். குடி அவருடைய பாவம். அதை அறிக்கையிட வேண்டியவர் அவர். உங்கள் கோபம், வெறுப்பு, அவரோடு பேசாமல் இருந்த நாட்கள் உங்களுடையவை. அவற்றைத் தாராளமாகச் சொல்லலாம். எழுதி முடித்ததும், அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து வாசியுங்கள். எந்த வரியில் குரல் தடுமாறுகிறதோ அதை எடுத்துவிடுங்கள்.

சபையில் நேரலை உண்டா என்று இப்போதே கேளுங்கள். ஆராதனை யூடியூபில் போனால் உங்கள் சாட்சி அன்று மாலையே சித்தப்பாவின் வாட்ஸப்பில் இருக்கும். அந்தப் பகுதியைப் பதிவுசெய்ய வேண்டாம் என்று பாஸ்டரிடம் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. பழைய வழிபாட்டைப் பழித்தோ கேலிசெய்தோ ஒரு சொல்கூட வேண்டாம். உங்கள் அம்மா தினமும் கும்பிடுகிற சாமி அது. பிற மதத்தினரின் உணர்வைப் புண்படுத்த வேண்டுமென்றே பேசுவது பாரதிய நியாய சன்ஹிதா 299-ஆம் பிரிவின்படி குற்றமும்கூட. சுகம் கிடைத்ததைச் சொன்னால், மருத்துவம் பார்த்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். மருந்தை நிறுத்தியதைப் பெருமையாகச் சொல்லி, கேட்டவர் இன்சுலினை நிறுத்திவிட்டால் அதன் விளைவை யார் சுமப்பது? இன்னும் தீராத பிரச்சினை இருந்தால் தீரவில்லை என்றே சொல்லுங்கள். யோவான் 9-இல் பார்வை பெற்றவன் தனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொன்னான்: குருடனாயிருந்தேன், இப்போது காண்கிறேன்.

கேள்வி: நான் விசுவாசத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. கணவர் இன்னும் வரவில்லை. "கோயிலுக்கு வராவிட்டால் போ, சர்ச்சுக்கும் போய்க்கொள். பொட்டையும் தாலியையும் மட்டும் எடுக்காதே" என்கிறார். சபையில் உள்ள அக்காமார் நகை கழற்றாமல் ஞானஸ்நானம் இல்லை என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

சகோதரி, உங்கள் கணவர் பெரிய கதவொன்றைத் திறந்தே வைத்திருக்கிறார். அதை நாமாக அடைத்துவிடக் கூடாது.

நகையைக் கழற்றுவது பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றின் ஒழுங்கு. சி.எஸ்.ஐ., லுத்தரன், கத்தோலிக்கத் திருச்சபைகளில் தாலி கட்டித்தான் தமிழ்க் கல்யாணங்கள் நடக்கின்றன. ஆகவே தாலி இரட்சிப்புக்குத் தடை என்று யாரும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. உங்கள் வீட்டில் தாலியைக் கழற்றினால் மாமியார் அதை ஆடம்பரத்தை விட்டதாக எடுத்துக்கொள்ள மாட்டார். தன் மகன் உயிரோடிருக்கும்போதே அவனை இல்லையென்று ஆக்கிவிட்டாள் என்றுதான் எடுத்துக்கொள்வார். பாஸ்டரிடம் நேரில் பேசி, கணவரின் சம்மதம் வரும்வரை பொறுத்துக்கொள்ளக் கேளுங்கள். அவர் மறுத்தால் ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடுவது, இந்த ஒழுங்கு இல்லாத சபையைத் தேடுவது என இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் பாவமல்ல. 1 கொரிந்தியர் 7:13, அவிசுவாசியான கணவன் சேர்ந்து வாழச் சம்மதித்தால் அவனை விட்டுப் பிரியாதே என்கிறது. 1 பேதுரு 3:1 பேச்சை விட்டு நடக்கையைக் கையில் எடுக்கச் சொல்கிறது.

அந்த நடக்கையைக் கெடுப்பவை சின்ன விஷயங்கள்தான். ஞாயிறு ஆராதனையோடு வெள்ளி உபவாச ஜெபம், செவ்வாய் வீட்டுக் கூட்டம், முழு இரவு ஜெபம் என்று வாரம் முழுவதும் போனால் வீட்டில் யாருக்கும் பொறுக்காது. முதல் வருடங்களில் ஞாயிறும் வாரத்தில் இன்னொரு நாளும் போதும். திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போய், அந்த நேரத்துக்கே வந்துவிடுங்கள். சபைக்குக் கொடுக்கும் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் உங்கள் சொந்தச் சம்பாத்தியத்தில் மட்டும். வீட்டுச் செலவுக்குக் கொடுத்த பணத்திலிருந்து அவருக்குத் தெரியாமல் எடுத்தால் அது காணிக்கையாகாது. பிள்ளைகளைச் சபைக்கு அழைத்துப்போவதை அவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

ஜெபக்குறிப்பிலும் கவனம் வேண்டும். "என் கணவர் இரட்சிக்கப்பட, அவருடைய கோபம் மாற ஜெபியுங்கள்" என்று பெயரோடு எழுதிக் கொடுத்தால், அது வாட்ஸப் குழுவில் போய் ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். தன்னைப் பற்றிப் பத்து வீட்டில் பேசுகிறார்கள் என்று அறிந்த மனிதர் அந்தச் சபைப் பக்கம் தலைவைத்துப் படுப்பாரா?

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மதம் மாறியதால் திருமணம் தானாக முறிந்துவிடாது. ஆனால் இந்து திருமணச் சட்டம் 13-ஆம் பிரிவின்படி, துணை வேறு மதத்துக்கு மாறியது விவாகரத்துக்கு ஒரு காரணமாகலாம். மனம் திறந்து பேசி முடிவெடுங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். என்றைக்காவது கை நீட்டினால், அதைச் சிலுவை என்று சுமக்க வேண்டாம். 181 பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் எந்த மதத்துப் பெண்ணுக்கும் பொருந்தும்.

கேள்வி: கணவனோ மனைவியோ முதலில் வந்து, மற்றவர் பின்னால் வந்த உண்மை வரலாறுகள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. நட்டாலத்து நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவி அம்மாளும் பின்பு ஞானப்பூ என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார். 1752-இல் கணவர் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

மராத்தியக் கவிஞர் நாராயண் வாமன் திலக் 1895-இல் ஞானஸ்நானம் பெற்றபோது அவர் மனைவி லட்சுமிபாய் நொறுங்கிப்போனார். சில ஆண்டுகள் உறவினர் வீட்டில் பிரிந்து வாழ்ந்து, பின் கணவரிடம் திரும்பி, 1900-இல் தானும் விசுவாசத்துக்கு வந்தார். அந்தப் பிரிவின் வேதனையைத் தன் வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மேடைச் சாட்சிகளில் பெரும்பாலும் கேட்கக் கிடைக்காதது இந்தப் பக்கம், அதாவது வீட்டில் விடப்பட்டவரின் பக்கம்.

கேள்வி: அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். கிறிஸ்தவனான எனக்குப் பங்கு கிடையாது என்கிறார் அண்ணன். எனக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. அம்மா என் பராமரிப்பில் இருக்கிறார்.

அண்ணன் சொல்வது சரியல்ல. இந்து வாரிசுரிமைச் சட்டம் 26-ஆம் பிரிவு மதம் மாறியவரை விலக்கவில்லை. மாறியபின் அவருக்குப் பிறந்த பிள்ளைகளையும் அவர்கள் சந்ததியையும்தான், சொத்து இறங்கும் நாளில் அவர்கள் இந்துவாக இல்லாவிட்டால், இந்து உறவினரின் வாரிசாக விடாமல் விலக்குகிறது. அப்பாவின் தனிச்சொத்தில் உங்களுக்குப் பங்கு உண்டு. கூட்டுக்குடும்பச் சொத்து என்றால் கணக்கு வேறு. பத்திரங்களோடு வழக்கறிஞரைப் பாருங்கள். ஆனால் இதை முதல் சண்டையாக்க வேண்டாம். உரிமையை அமைதியாகத் தெரிவித்துவிட்டு, எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

நாங்கள் அதிகம் கவலைப்படுவது அம்மாவைப் பற்றி. நீங்கள் இந்துவாக இருந்து உயிலின்றி இறந்தால், உங்கள் தனிச்சொத்தில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள் நால்வருக்கும் சம பங்கு. இப்போது உங்களுக்குப் பொருந்துவது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதன்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்கு ஒன்றுமில்லை. "மகன் வேதத்துக்குப் போனான், நான் தெருவுக்கு வந்தேன்" என்று அவர் சொல்லும் நிலை வேண்டாம். இந்த மாதமே உயில் எழுதுங்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்வது நல்லது. இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கிறிஸ்தவர் உயிலில் சாட்சிக் கையெழுத்திட்டவருக்கோ அவருடைய துணைக்கோ எழுதிய பங்கு செல்லாது. அதனால் மனைவியையும் அம்மாவையும் சாட்சியாக வைக்காதீர்கள்.

கேள்வி: சாதிச் சான்றிதழில் இந்து எஸ்.சி. என்று இருக்கிறது. ஞானஸ்நானம் எடுத்தபின் அதையே பயன்படுத்தலாமா? தம்பியின் சலுகையும் போய்விடுமா?

தம்பிக்குப் பாதிப்பில்லை. அவர் இந்துவாக இருக்கும்வரை அவருடைய தகுதி அவருடையது. உங்கள் விஷயம் வேறு. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கிறது. தமிழ்நாட்டில் கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஞானஸ்நானம் பெற்று சபைக்குப் போய்க்கொண்டே வேலைக்காக இந்து என்று கோரியதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்த ஆணை அநியாயம் என்பது எங்கள் உறுதியான கருத்து. சாதிக் கொடுமை ஞானஸ்நானத்தோடு நின்றுவிடுவதில்லை, சில கல்லறைத் தோட்டங்களில்கூட நிற்கவில்லை. அதற்காகப் பொய்ச் சான்றிதழை வைத்துக்கொண்டால், மாட்டும் நாளில் வேலையும் போகும், வீட்டார் முன் சாட்சியும் போகும். முடிவெடுக்கும் முன் படிப்பிலும் வேலையிலும் எதை இழக்க நேரும் என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: நான் மூத்த மகன். அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார். கொள்ளி வைக்க மாட்டேன் என்று எப்போது, எப்படிச் சொல்வது?

மயானத்தில் அல்ல. அது மட்டும் நிச்சயம். அப்பாவுக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே, அருகில் உட்கார்ந்து, தம்பியோ பங்காளி வீட்டுப் பிள்ளையோ செய்யட்டுமா என்று அவரிடமே கேளுங்கள். சில அப்பாக்கள் தாங்களே ஆளைச் சொல்லிவிடுவார்கள். தம்பியிடமும் தாய்மாமனிடமும் அன்றே பேசிவிடுங்கள். எந்தச் சடங்கில் நிற்கலாம், எதில் கூடாது என்பதில் சபைக்குச் சபை கருத்து மாறும். உங்கள் போதகரிடம் கேளுங்கள், ஆனால் அவரைச் சாவு வீட்டில் வாதாட விடாதீர்கள்.

நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. இப்போது உடம்பு துடைத்துவிடுவது, இரவு விழித்திருப்பது, மருத்துவச் செலவு. அன்றைக்குப் பாடையைத் தோளில் சுமப்பது, வருகிறவர்களுக்குச் சாப்பாடு, மயானச் செலவில் உங்கள் பங்குக்கு மேலேயே கொடுப்பது. 21 நாளுக்குள் இறப்பைப் பதிவுசெய்து சான்றிதழ் வாங்குவது, அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் இருந்தால் அதற்கு அலைவது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர் எல்லோரும் கிளம்பியபின் அம்மாவோடு இரவு தங்க ஆள் வேண்டும். அதற்கு விடுப்பை இப்போதே எடுத்து வையுங்கள்.