ஈழத்தலரிக் குச்சி அடியில் அழுகுதுன்னா

வணக்கங்க. நட்ட ஈழத்தலரிக் குச்சி அடியில அழுகுது, என்ன பண்றதுன்னு கேட்டிருந்தீங்க. வெட்டின அன்னைக்கே நட்டு, தினமும் தண்ணி விட்டிருக்கீங்க. அழுகினதுக்குக் காரணம் அதுதான். நர்சரியில் புளுமேரியான்னு விக்கிற இந்த மரம் தண்டிலேயே தண்ணி சேத்து வைக்கும். பால் வடியுற ஈர வெட்டு வழியா பூஞ்சை சுலபமா ஏறிடும்.

இன்னும் குச்சி முழுசா போகலைங்க. அழுகினதை, உள்ளே வெள்ளையா கெட்டியான பகுதி தெரியுற வரைக்கும் சீவுங்க, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைச்சுட்டு. மிச்சம் ஒரு அடியாவது, சாம்பல் நிறத் தோலோட முத்தினதா இருக்கணும். இலையெல்லாம் கிள்ளிட்டு நிழல்ல ஒண்ணு ரெண்டு வாரம் போடுங்க. வெட்டு காய்ஞ்சு தோல் கட்டணும், இதை மட்டும் அவசரப்படுத்தாதீங்க.

நடுற கலவைக்கு மணல் ரெண்டு பங்கு, அலசின தென்னை நார்த்தூள் ஒரு பங்கு. நம்ம கரிசல் மண் வேண்டவே வேண்டாம், ஈரம் பிடிச்சுக்கும். நாலு அங்குலம் புதைச்சு, ஒருதடவை தண்ணி விட்டு, அப்புறம் மேல்மண் நல்லா காய்ஞ்சா மட்டும் கொஞ்சமா.

பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஆனி, ஆடியில ஆட்டுனா இளவேர் அறுந்துடும். குச்சியை, பக்கத்துல ஊன்றின ஒரு கம்போட சேத்துக் கட்டிடுங்க. வேருக்கு முன்னாடியே துளிரோ மொட்டோ வரலாம், மொட்டைக் கிள்ளிடுங்க. வேர் பிடிக்க ரெண்டு மாசம்கூட ஆகும், இழுத்துப் பாக்காதீங்க.