கைக்குழந்தையோடு ரயிலேறப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

குழந்தைகள் வார்டில் 22 வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். சொந்த ஊர் திருநெல்வேலி, வேலை சென்னையில். என் இரண்டு பிள்ளைகளையும் பால்குடி வயதிலிருந்தே எழும்பூருக்கும் நெல்லைக்கும் இடையில் ரயிலில் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். மே மாத லீவு வருகிறதே, கேள்வி இருந்தால் கேளுங்கள் என்று நேற்று ராத்திரி சொன்னேன், காலையில் பார்த்தால் நாற்பதுக்கு மேல் வந்து கிடக்கிறது. முடிந்தவரை பதில் சொல்கிறேன். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பயணத்தில் குழந்தையைத் தூங்க வைக்க என்ன மருந்து என்று யாரும் கேட்காதீர்கள்.

கேள்வி: சிஸ்டர், பாப்பாவுக்கு 7 மாசம். முதல் தடவையாக நாகர்கோவிலுக்கு ஸ்லீப்பரில் கூட்டிக்கொண்டு போகிறேன். படுக்க வைப்பது எப்படி? எதில் கவனமாக இருக்கணும்?

பதில்: ஐந்து வயதுக்குள் டிக்கெட்டும் கிடையாது, தனி பெர்த்தும் கிடையாது, அதனால் நீங்களும் பாப்பாவும் ஒரே பெர்த்தில்தான் படுக்கணும்மா. கீழ் பெர்த் கிடைக்கவில்லை என்றால் ஏறியதும் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள், குழந்தையைப் பார்த்துவிட்டு மாட்டேன் என்றவர்கள் எனக்கு மிகக் குறைவு. பாப்பா உள்பக்கம், நீங்கள் வெளிப்பக்கம். 2022-ல் லக்னோ மெயிலில் கீழ் பெர்த்தோடு ஒட்டிய மாதிரி ஒரு குட்டி பெர்த் வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள், அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லா ரயிலிலும் அது வரவேண்டும்.

சேலையில் தூளி கட்டுகிறவர்கள், மேல் பெர்த்தின் இரும்புக் கம்பியில் கட்டுங்கள், பை மாட்டும் கொக்கியில் வேண்டாம். முழங்கால் உயரத்துக்கு மேல் தூளி தொங்கக்கூடாது. நீங்கள் விழித்திருக்கும் வரைக்கும்தான் தூளி, உங்களுக்குக் கண் சொருகினால் பிள்ளையை இறக்கி மடியில் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஜன்னல். ஸ்லீப்பர் பெட்டி ஷட்டரைத் தூக்கினால் இரண்டு பக்கமும் கொக்கி விழவேண்டும். ஒரு பக்கம் மட்டும் விழுந்திருந்தாலும் பார்க்கச் சரியாக நிற்பது போலத்தான் இருக்கும், வண்டி தண்டவாளம் மாறும்போது ஒரு குலுக்கு குலுக்கும் பாருங்கள், அப்போது தடாலென்று இறங்கும். என் பெரியவனுக்கு இரண்டு வயதில் விழுப்புரம் தாண்டி இப்படித்தான் நடந்தது, ஆள்காட்டி விரல் நகம் கறுத்துப்போய் ஒரு மாதம் கழித்து விழுந்தது. ஏறியதும் ஷட்டரைக் கையால் கீழே இழுத்துப் பாருங்கள். அசைந்தால் முழுக்க இறக்கிவிடுங்கள்.

கேள்வி: 5 வயது முடிந்த பையனுக்கு அரை டிக்கெட் போதுமா?

பதில்: 5 முதல் 12-க்குள், பெர்த் வேண்டாம் என்றால் அரை டிக்கெட், பெர்த் வேண்டும் என்றால் முழு டிக்கெட். 2016-லிருந்து இதுதான். மற்ற டிக்கெட் சந்தேகங்களுக்கு ரயில்வே உதவி எண் 139-ல் கேளுங்கள்.

கேள்வி: நீங்கள் கேட்கக்கூடாது என்றீர்கள், ஆனாலும் கேட்கிறேன் அக்கா. ஒன்றரை வயசு, ராத்திரி முழுக்க அழுவான். எங்கள் மாமியார் சளி மருந்து கொஞ்சம் கொடுத்தால் தூங்கிடுவான் என்கிறார்.

பதில்: மாமியார் மேல் கோபப்படாதீர்கள், அந்தக் காலத்தில் டாக்டர்களே கொடுத்தார்கள். ஆனால் கொடுக்காதீர்கள். தூக்கம் வரவைக்கும் புரோமெத்தசின் கலந்த சிரப்பை 2 வயதுக்குள் கொடுக்கவே கூடாது, மூச்சு மெதுவாகி நின்றுவிடலாம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் குளோர்பெனிரமின், ஃபினைல்எஃப்ரின் கலந்த சளி மருந்தும் 4 வயதுக்குள் வேண்டாம் என்று 2023 டிசம்பரிலேயே மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சொல்லிவிட்டது. 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்த பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து இறந்தார்களே, அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான்.

வீட்டில் மூச்சு குறைந்தால் ஆட்டோ பிடித்து ஓடலாம். ஓடுகிற ரயிலில், நடுராத்திரி, விளக்கை அணைத்த பெட்டியில், பிள்ளை ‘நன்றாகத் தூங்குகிறான்’ என்று நீங்களும் படுத்துவிட்டால் யார் பார்ப்பது? அழட்டும். தூக்கிக்கொண்டு பெட்டிக்குள்ளேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடங்கள், திறந்திருக்கும் கதவுப்பக்கம் மட்டும் போகாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், காலையில் அவரே பிஸ்கட் நீட்டுவார்.

கேள்வி: 8 மாசக் குழந்தைக்குப் பவுடர் பால்தான். ரயிலில் வெந்நீருக்கு என்ன செய்வது? நான் சின்ன எலெக்ட்ரிக் கெட்டில் எடுத்துப் போகலாம் என்று இருக்கிறேன்.

பதில்: கெட்டில் வேண்டாம்மா. ஃபிளாஸ்க் எடுத்துப் போங்கள், விவரம் கீழே சொல்கிறேன்.

(கோவையிலிருந்து ஒரு அம்மா): ஏன் வேண்டாம்? மூன்று வருஷமாக நான் கெட்டில்தான் கொண்டு போகிறேன், ஒன்றும் ஆகவில்லை. சுத்தமான தண்ணீர் கொதிக்கவைத்துக் கொடுப்பது தப்பா?

(ரயில் பெட்டி பராமரிப்பில் வேலை பார்க்கும் ஒருவர்): அக்கா, நான் சொல்லலாமா? பெட்டியில் இருக்கும் பிளக்பாயின்ட் 110 வோல்ட், மொபைல் சார்ஜருக்கும் லேப்டாப்புக்கும்தான். உங்கள் கெட்டில் 230 வோல்ட்டுக்குச் செய்தது. 1500 வாட் கெட்டில் அங்கே 350 வாட்கூட இழுக்காது, அதனால் கொதிக்க நாலு மடங்குக்கு மேல் நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் சார்ஜருக்குப் போட்ட ஒயர் அந்தச் சூட்டைத் தாங்கணும்.

(கோவை அம்மா): கரண்ட் குறைவாகத்தானே இழுக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள்!

(பராமரிப்பு ஊழியர்): வீட்டில் இழுப்பதைவிடக் குறைவு. ஆனால் மொபைல் சார்ஜர் இழுப்பதைவிடப் பல மடங்கு. லூசான பாயின்ட் உருகிக் கறுத்துக் கிடப்பதை நாங்கள்தான் மாற்றுகிறோம். ரயில்வே அனுமதிப்பதும் இல்லை, பிடித்தால் நடவடிக்கை உண்டு. 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்ற சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்ததை மறந்துவிட்டோமா?

(கோவை அம்மா): அது கேஸ் சிலிண்டர். அதையும் இதையும் ஒன்றாக்காதீர்கள். ரயில்வே வெந்நீர் கொடுத்தால் நான் ஏன் கெட்டில் தூக்குகிறேன்?

(திருச்சியிலிருந்து ஒரு அப்பா): இது நியாயமான கேள்வி. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு வெந்நீர்க் குழாய் வைக்கச் சொல்லிக் கேட்போமே?

பதில்: நான் கொஞ்சம் குறுக்கே வருகிறேன், இதிலேயே இருபது பதிவு போய்விட்டது. கோவைத் தங்கச்சி, வெந்நீர் கேட்பது உங்கள் உரிமை, அதில் நான் உங்கள் பக்கம். மதுரை தீ சிலிண்டரால் வந்தது என்பதும் சரிதான். ஆனால் எனக்குத் தீயைவிட வெந்நீர்தான் பயம். ஆடுகிற வண்டியில், ஜன்னலோரத்துக் குட்டி மேஜையில் கொதிக்கிற கெட்டில், அதன் ஒயர் பிள்ளை கைக்கு எட்டுகிற உயரத்தில். எங்கள் வார்டுக்கு ஒன்றரை வயதுப் பையன் ஒருவனைத் தூக்கி வந்தார்கள், சூடான டீ நெஞ்சில் கொட்டியது. மேலே பற்பசை பூசியிருந்தார்கள். பனியனை வெட்டி எடுத்தபோது தோலும் கூடவே வந்தது. ஒரு டம்ளர் டீதான் அது.

கொட்டிவிட்டால் துணியைக் கழற்றி, வாஷ்பேசின் குழாயில் 20 நிமிடம் தண்ணீர் காட்டுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். பற்பசை, மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம்.

ஃபிளாஸ்க் விஷயம்: முதலில் கொதிநீர் ஊற்றி ஃபிளாஸ்க்கைச் சூடாக்கிக் கொட்டிவிட்டு, அப்புறம் கொதித்த தண்ணீரை நிரப்புங்கள். பால் பவுடரில் கிருமி இருக்க வாய்ப்பு உண்டு, அது சாக வேண்டும் என்றால் கலக்கும்போது தண்ணீர் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையக்கூடாது. உங்கள் ஃபிளாஸ்க் எத்தனை மணி நேரம் அந்தச் சூட்டைத் தாங்கும் என்று வீட்டிலேயே தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள் (சமையலுக்கான தெர்மாமீட்டர், காய்ச்சலுக்கானது இல்லை). ஒவ்வொரு வேளைக்கும் பவுடரை அளந்து தனித்தனி டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். கலந்ததும் பாட்டிலைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி ஆறவைத்து, மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள், அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள்.

(கோவை அம்மா): சரி அக்கா. குழாய்க்கு மனு எழுதினால் கையெழுத்துப் போடுவீர்களா?

பதில்: முதல் கையெழுத்து என்னுடையது.

கேள்வி: 4 மாதக் குழந்தை, தாய்ப்பால்தான். மே வெயிலில் நடுவில் தண்ணீர் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். 6 மாதம் வரை எந்த வெயிலிலும் தாய்ப்பால் போதும். அடிக்கடி கொடுங்கள், நீங்கள் நிறையத் தண்ணீர் குடியுங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் பேருந்து நிலையத்தில் தாய்ப்பாலூட்டும் அறை எங்கே என்று கேளுங்கள், 2015-லிருந்தே பல ஊர்களில் இருக்கிறது.

கேள்வி: வால்பாறை போகிறோம். 4 வயது மகள் கண்டிப்பாக வாந்தி எடுப்பாள்.

பதில்: 40 கொண்டை ஊசி வளைவு, பெரியவர்களுக்கே புரட்டும். வெறும் வயிற்றில் ஏற்றாதீர்கள், ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போதும், பால் வேண்டாம். மொபைலைக் கையில் கொடுக்காதீர்கள். பின்சீட்டில் குழந்தை சீட் போட்டு, முன்கண்ணாடி வழியாகச் சாலை தெரிகிற மாதிரி உட்காரவையுங்கள். முன்சீட்டில் மடியில் மட்டும் வேண்டாம், ஏர்பேக் வெடித்தால் நேராகப் பிள்ளை மேல்தான்.

கேள்வி: தூங்குவதற்கு இயற்கையான மருந்து ஏதாவது? ஜாதிக்காய் உரசிக் கொடுக்கலாமா?

பதில்: அதுவும் வேண்டாம். மேலே நீளமாக எழுதியிருக்கிறேன், தயவுசெய்து படியுங்கள். ஒரு வயதுக்குள் தேனும் கூடாது.

கேள்வி: சிங்கப்பூர் விசா, குழந்தைக்கு...

பதில்: எனக்குத் தெரிந்த விஷயம் இல்லை. தூதரக இணையதளத்தில் பாருங்கள்.

கேள்வி: காய்ச்சல் மருந்து கையில் வைத்துக்கொள்ளலாமா? எவ்வளவு?

பதில்: கட்டாயம் வேண்டும். பாராசிட்டமால் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். ஆனால் பாட்டிலைப் பாருங்கள். 10 கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம் என்றால், ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் உள்ள டிராப்ஸில் ஒன்றரை மில்லி, 5 மில்லிக்கு 125 உள்ள சிரப்பில் 6 மில்லி, 5 மில்லிக்கு 250 உள்ளதில் 3 மில்லி. அந்த 6 மில்லி சிரப் அளவை டிராப்ஸில் கொடுத்தால் நாலு மடங்கு உள்ளே போய்விடும், இதை வார்டில் பார்த்திருக்கிறேன். கிளம்பும் முன் எடை பார்த்து, டாக்டரிடம் அளவைச் சரிபார்த்து, பாட்டில் மேலேயே எழுதி ஒட்டுங்கள். 3 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தால் மருந்து கொடுத்துக் காத்திருக்காதீர்கள், 139-க்குப் போன் செய்து அடுத்த ஸ்டேஷனிலேயே டாக்டரை வரச்சொல்லுங்கள்.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பாக்கெட், அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். டப்பாவில் வரும் பழச்சுவைப் பானத்தை ஓஆர்எஸ் என்று நம்பி வாங்காதீர்கள், அந்தப் பெயரில் விற்கக்கூடாது என்று 2025 அக்டோபரில் உத்தரவே போட்டிருக்கிறார்கள்.

கேள்வி: திருச்செந்தூர் கூட்டத்தில் 3 வயசுப் பையன் தொலைந்துவிடுவானோ என்று பயம்.

பதில்: முன்கையில் பால்பாயின்ட் பேனாவால் போன் நம்பர், மேலே செல்லோடேப். காலையில் ஒரு போட்டோ, அன்றைய சட்டையோடு. பெயரைச் சட்டையில் எழுதாதீர்கள், யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை போய்விடும். கண்ணில் படவில்லை என்றால் உடனே போலீஸிடம் சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-ம் உண்டு.

கேள்வி: விமானத்தில் தூங்க ஏதாவது சிரப்...

பதில்: கிடையாது. இறங்கும்போது பால் கொடுங்கள், காது வலிக்காது.

கேள்வி: அக்கா, இன்று ராத்திரி ஏறுகிறோம். எதை மறந்திருப்பேன்?

பதில்: பழைய பருத்திச் சேலை ஒன்று, விரிக்க, போர்த்த, மறைக்க எல்லாவற்றுக்கும் ஆகும். ஏசி பெட்டி என்றால் காலுறை. உங்களுக்கு ஒரு மாற்று மேல்சட்டை, எல்லாரும் பிள்ளைக்கு ஆறு எடுத்துவிட்டுத் தனக்கு ஒன்றுகூட எடுக்கமாட்டார்கள். ஃபிளாஸ்க்கைக் கீழே, பெர்த்துக்கு அடியில் வையுங்கள். ஏறியதும் ஷட்டரை இழுத்துப் பாருங்கள்.