ஒரே தமிழ் வகுப்பில் பல நிலைப் பிள்ளைகள்: எப்படி நடத்துவது?

மொரீஷியஸில் தொடக்கப்பள்ளித் தமிழ் வகுப்பில் சிலர் சரளமாக வாசிக்கிறார்கள், சிலருக்கு எழுத்தே பிடிபடவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் யாருக்கு எது வரவில்லை என்று தனித்தனியாகப் பாருங்கள். வீட்டில் கிரியோல் (மொரீஷியஸில் பெரும்பாலோர் அன்றாடம் பேசும் மொழி) மட்டும் பேசும் பிள்ளைக்கு ழ, ற போன்ற ஒலிகளே புதிது. அது மந்தம் அல்ல. சொல்லின் அர்த்தத்தைக் கிரியோலிலேயே சொல்லுங்கள், தப்பில்லை. 2012 முதல் அதுவும் பள்ளிப் பாடம்தானே.

அப்புறம், எல்லோருக்கும் பாடப்பொருள் ஒன்றாக இருக்கட்டும், வேலை மட்டும் மாறட்டும். நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டிலேயே தமிழ் இருக்கிறதே! ஒருவர் அதில் தெரிந்த எழுத்தைத் தேடட்டும், இன்னொருவர் தொகையை வாசிக்கட்டும், நன்றாக எழுதுபவர் கடையில் பேரம் பேசும் உரையாடல் ஒன்றை எழுதட்டும்.

சரி, குழுக்களை அடிக்கடி மாற்றுங்கள். இல்லையென்றால் 'மக்கு பெஞ்சு' என்ற பெயர் ஒரே வாரத்தில் ஒட்டிக்கொள்ளும்.